பதினாறாம் பாட்டில் அம்மா

கடந்த நவம்பரில் மலேசியாவின் ஜொகூர் பாருவில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். விருந்து மேசையில் எனக்கு எதிரே கோயில் காரியங்களில் ஊறிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மார்கழி வரப்போகிறது, இந்த முறை பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறையும் சேர்ந்து வருகிறது, திருவெம்பாவைக்கு அவர்களை எழுப்பி அழைத்து வரவேண்டும் என்று பேச்சு போனது. நல்ல பேச்சுதான். நடுவில் அவர் சொன்னார்: "இப்பத்தான் நாம அர்த்தத்தோட சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் காலத்துல தோட்டத்துல பாடினாங்களே, அவங்களுக்கு என்ன தெரியும்? கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சாங்க. பக்தி இருந்துச்சு, அர்த்தம் தெரியாது." மேசையைச் சுற்றி எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு வாய் வரை ஒரு பதில் வந்தது. ஆனால் அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதாது, அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும், மழையைப் பற்றிச் சொல்லவேண்டும், ரப்பர் மரத்தின் பட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்யாணச் சாப்பாட்டில் அதெல்லாம் எப்படி? பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது தெரியும். அதனால்தான் அதிகமாக உறுத்துகிறது.

நான் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. சிகாமட்டுக்கும் குளுவாங்கிற்கும் நடுவில், ரயில் நின்று போகும் சின்ன ஊர். எங்கள் தோட்டம் ஊரிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போகவேண்டும். அம்மா பால்வெட்டு, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. அப்பா பால் ஸ்டோரில் வேலை, அதோடு மாரியம்மன் கோயிலில் பாடுபவர். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல இந்த இரண்டு வேலைகளுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான்கு மணி வீடு

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை என்றால் மற்ற பிள்ளைகளுக்குத் தூக்கம். எங்களுக்கு அது விழித்திருக்கும் காலம். பள்ளி நாளில்கூட ஐந்தரைக்கு எழுந்தால் போதும். மார்கழி பிறந்ததும் அப்பா மூன்றரைக்கு விளக்கைப் போட்டுவிடுவார். பெயர் சொல்லி எழுப்ப மாட்டார். விளக்கைப் போட்டுவிட்டு, கூடத்தில் நின்று சன்னமாகத் திருநீற்றுப் பதிகத்தைத் தொடங்குவார். அது முடிவதற்குள் எழுந்துவிடவேண்டும் என்பது எழுதாத சட்டம். பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி. இரவெல்லாம் மழை பெய்த நாளில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முதல் வாளி தலையில் விழும்போது மூச்சு நின்று திரும்பும். திருவெம்பாவையில் வரும் பெண்கள் குளத்தில் குதித்துக் குடைந்து ஆடுகிறார்கள். எனக்கும் அண்ணனுக்கும் அந்த வாளிதான் குளம்.

தமிழ்நாட்டில் மார்கழிக் கோலத்துக்குச் சாணியில் பூசணிப் பூ வைப்பார்களாம். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பூசணிப் பூவுக்கு எங்கே போவது? வேலியில் செம்பருத்தி இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே நான் மொட்டாகப் பறித்துத் தண்ணீரில் போட்டு வைப்பேன், காலையில் பாதி விரிந்திருக்கும். மழை வந்தால் கோலம் கரைந்து செம்மண்ணோடு போய்விடும், பூ மட்டும் கிடக்கும். அம்மா அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "போட்டோம்ல, போதும்" என்பார்.

பாட்டு நாலே காலுக்கு. ஏன் அவ்வளவு சீக்கிரம் என்றால், பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது, ஐந்தரைக்கு. இருபது பாட்டையும் பாடி, தீபாராதனை பார்த்து, பொங்கலைத் தூக்குச் சட்டியில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு ஓடி, சேலையை மாற்றி, காட்டுச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, கத்தியும் வாளி தூக்கும் காண்டாவுமாகப் பெண்கள் பிரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். ரப்பர் மரத்துக்கு விடியற்காலைதான் நேரம். அப்போதுதான் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே சாமிக்கு எழுந்த நேரமும் மரத்துக்கு எழுந்த நேரமும் எங்கள் தோட்டத்தில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டிருந்தன. சாமிதான் கொஞ்சம் முன்னே நகர்ந்து இடம் கொடுத்தார் என்று அப்பா சொல்வார்.

திருவெம்பாவை பாடும் அந்தப் பத்து நாளும் வீட்டில் கவிச்சி கிடையாது. நெத்திலிகூடக் கிடையாது. மலேசியத் தமிழ் வீட்டில் நெத்திலி இல்லாத பத்து நாள் பெரிய விரதம்தான். பக்கத்து வீட்டார் கத்தோலிக்கர்கள். கிறிஸ்துமஸ் அன்று நள்ளிரவுப் பூசைக்கு ஊருக்குப் போய்விட்டு இரண்டு மணிக்கு வேனில் வந்து இறங்குவார்கள், அவர்கள் விளக்கு அணைந்த சற்று நேரத்தில் எங்கள் விளக்கு எரியும். காலையில் அவர்கள் வீட்டிலிருந்து முறுக்கும் கேக்கும் வரும். கேக்கில் முட்டை இருக்கும் என்பதால் அம்மா அதை ரொட்டி டின்னில் போட்டு மூடி அலமாரி மேலே வைத்துவிடுவார். திருவாதிரை முடிந்த மறுநாள்தான் டின் திறக்கும். காய்ந்துபோன அந்தக் கேக்கின் ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தைக்கும் இது தெரியும். அதனாலேயே எங்களுக்கு மட்டும் பழம் போட்ட கேக்காகப் பார்த்துக் கொடுப்பார், அதுதான் கெடாமல் இருக்கும் என்று.

சாயங்காலம் மறுநாள் பாட்டுக்கான பயிற்சி. அப்பா தாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்வார். அவர் சொற்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார், பொருள் கேட்பார். ஆறாம் வகுப்பு வரை படித்த மனிதர். பொருள் தெரியாத சொல் வந்தால் ஊரிலிருந்து தமிழாசிரியர் வரும்போது கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வார், ஒரு பழைய கணக்கு நோட்டில். அம்மா அடுப்படியில் இருந்தபடியே எங்கள் தப்புகளைத் திருத்துவார். அவருக்கு இருபதும் மனப்பாடம். புத்தகத்தைக் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை.

டிசம்பர் கணக்கு

எனக்கு ஒன்பது வயதிருக்கும். பெண்கள் வரிசையில் அம்மாவின் இடுப்போடு ஒட்டி நிற்பேன். தூக்கக் கலக்கத்தில் அவர் மேல் சாய்ந்துகொண்டால், அவர் பாடுவது விலாவில் அதிர்வாகக் கேட்கும். அந்த அதிர்வில் சொக்கிக்கொண்டே நிற்பேன். ஒரு நாள் அது திடீரென்று நின்றது. விழித்துக்கொண்டேன். எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள், அம்மாவின் வாய் மட்டும் மூடியிருந்தது. மறந்துவிட்டாரோ என்று பார்த்தேன். அடுத்த பாட்டில் மறுபடி சேர்ந்துகொண்டார். மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், பதினாறாம் பாட்டு.

அப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளுக்கு அந்த இடத்துல மூச்சு வாங்கும்மா" என்றார். நம்பிவிட்டேன். பால்வெட்டுபவர்களுக்கு மூச்சு வாங்குவது சகஜம்தானே.

பதினாறாம் பாட்டு மழைப் பாட்டு. திருவெம்பாவை தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டாம், இருந்தாலும் என் வாயால் சொல்லிப் பார்க்க ஆசை. மேகம் கடலை முகந்து அது சுருங்கும்படி மேலே எழுகிறது. அம்பிகையின் மேனி போலக் கறுக்கிறது. அவள் இடை போல மின்னுகிறது, அவள் கால் சிலம்பு போல இடிக்கிறது, அவள் புருவம் போல வில் போடுகிறது. அவள் தன் அன்பர்களுக்கு அருள் சுரப்பது போல, மழையே நீ பொழி என்று முடிகிறது. பாவை நோன்பே மழைக்கும் நல்ல வாழ்வுக்குமான நோன்பு. வயல் வைத்திருக்கும் நாட்டின் பாட்டு அது.

எங்களிடம் இருந்தது வயல் இல்லை. மழை பெய்தால் ரப்பர் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் பட்டை மேலெல்லாம் பரவி வழிந்துவிடும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் மங்கில், மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சேர்ந்த பால் தண்ணீரோடு நிரம்பிக் கொட்டிவிடும், பட்ட பாடு அத்தனையும் வீண். மழை நாளில் பிரட்டுக்கு வந்தவர்கள் கூரைக்கடியில் காத்திருப்பார்கள், பட்டை காயுமா என்று. காயாவிட்டால் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். எப்போதாவது சில்லறை வேலை கிடைக்கும், எல்லாருக்கும் கிடைக்காது. அம்மாவுக்கு வெட்டிய நாளுக்குத்தான் காசு, அதிலும் எடைக்குத் தகுந்த மாதிரி. அப்பாவுக்கு ஸ்டோரில் மழையோ வெயிலோ நாள் ஏறிவிடும். ஒரே வீட்டில், ஒரே மழை, ஒருவர் கூலியைத் தொடாது, இன்னொருவர் கூலியை அடியோடு கொண்டுபோகும். பாடுபவர் அப்பா. வாயை மூடுபவர் அம்மா. இதை நான் புரிந்துகொள்ளப் பதினாலு வயதாயிற்று.

டிசம்பர்தான் செலவு மாதமும். ஜனவரியில் பள்ளி திறக்கும். வெள்ளைச் சட்டை, நீலப் பினோஃபோர், வெள்ளைக் காலணி, பை, பயிற்சிப் புத்தகங்கள். பாடநூல் இரவலாகக் கிடைக்கும், மற்றதெல்லாம் கைக்காசு. அம்மா நாட்காட்டியில் வெட்டிய நாளுக்கு ஒரு கோடு போடுவார், மழை நாளுக்கு ஒன்றும் போடமாட்டார். தீபாவளி மாதத்தில் வரிசையாகக் கோடுகள் இருக்கும், டிசம்பர் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். மளிகைக் கடையில் கணக்கு நீளும். அந்த வெறுமையான கட்டங்களைப் பார்த்துக்கொண்டே ஒருத்தி விடியற்காலையில் எழுந்து, தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய், மழையே பொழி என்று எப்படிப் பாடுவாள்? பொருள் தெரியாதவள் பாடிவிடலாம். அம்மாவுக்குப் பொருள் தெரிந்திருந்தது, அதனால்தான் பாட முடியவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கோயில் மாரியம்மன் கோயில். மாரி என்றாலே மழை. மழையின் பெயரையே தாங்கிய அம்மன் முன்னால் நின்றுகொண்டு, மழை கேட்கும் பாட்டில் மட்டும் அம்மா பேசாமல் நின்றார். கும்பிட்ட கை இறங்காது. கண் அம்மன் முகத்தை விட்டு நகராது. வாய் மட்டும் மூடியிருக்கும்.

குளிர்காலம் நமக்கு இல்லை என்று சொல்வோம். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்த்து நிற்பதைத் தவிர எங்களுக்குப் பருவம் என்று எதுவும் கண்ணில் பட்டதில்லை. ஆனால் படித்தபோது தெரிந்தது, டிசம்பரில் ஜொகூரை நனைப்பது உண்மையில் குளிர்காலம்தான். சைபீரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கிளம்பும் குளிர்க்காற்று தென்சீனக் கடல் மேல் வரும்போது ஈரத்தை வாரிக்கொண்டு இங்கே வந்து கொட்டுகிறது. கடலைச் சுருக்கி எழும் மேகம் என்ற வரிக்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது. தமிழ்நாட்டுக்கு மழை கொடுப்பதும் வடகிழக்குப் பருவக்காற்றுதான், எங்களுக்கும் அதுதான். காற்று ஒன்று, பாட்டு ஒன்று, இரண்டும் வந்து விழுந்த நிலம்தான் வேறு.

பாட்டு எங்களுக்கு முன்பே இந்தப் பக்கம் வந்துவிட்டது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவை, திருப்பாவை என்ற பெயர்களின் திரிபான பெயரிலேயே ஒரு சடங்கை நடத்துகிறார்கள், அதே மார்கழி, தை ஒட்டிய காலத்தில். அங்கே பெரிய ஊஞ்சல் ஆடுவதுகூட அதன் பகுதியாக இருந்தது, 1935-இல் நிறுத்திவிட்டார்கள். பாங்காக்கில் டிசம்பர் வறண்ட காலம். அங்கே அந்த மழைப் பாட்டை யார் எந்த மனநிலையில் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

2006

அந்த ஆண்டை ஜொகூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். டிசம்பர் மூன்றாம் வாரம் மழை பிடித்தது, விடவே இல்லை. சிகாமட் பட்டணம் தண்ணீருக்குள் போனது. கோத்தா திங்கி, குளுவாங் எல்லாம் வெள்ளம். ஜனவரியில் இரண்டாம் தடவையும் வந்தது. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். எங்கள் தோட்டத்தில் ஆற்றோரமாக இருந்த கீழ் லயத்தில் இடுப்பளவு தண்ணீர். அந்தக் குடும்பங்களில் பாதி பள்ளிக்கூடத்தில், மீதி கோயில் மண்டபத்தில். கோயில் மேட்டில் இருந்தது. அந்த ஆண்டு ரப்பர் விலை வேறு நன்றாக ஏறியிருந்தது, பல வருடங்களில் பார்க்காத விலை. விலை ஏறிய ஆண்டில் வெட்ட முடியாமல் போவதன் வலி, வெட்டுபவர்களுக்குத்தான் தெரியும். அந்த டிசம்பரில் அம்மா போட்ட கோடுகள் ஒன்பது.

கிறிஸ்துமஸை ஒட்டியே திருவெம்பாவை தொடங்கியது. வெள்ளம் கொஞ்சம் வடிந்திருந்தது, வானம் வெளுக்கவில்லை. இந்த ஆண்டு பாட்டு வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து பாயைச் சுருட்டி இடம் கொடுத்தார்கள். துணி காயாமல் கொடி முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிலர் தூங்கிக்கொண்டே இருந்தார்கள், அவர்களைச் சுற்றி நின்று பாடினோம். பிரட்டு கிடையாது என்பதால் அவசரம் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பாட்டுகள் அவசரமில்லாமல் போயின.

பதினைந்தாம் பாட்டு முடிந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் அப்பா இரண்டு தட்டுத் தட்டுவார், பிறகு எடுப்பார். அன்று இரண்டு தட்டுத் தட்டினார். நிறுத்தினார். மறுபடி இரண்டு தட்டு. பிறகு பதினேழை எடுத்தார். சிலர் வழக்கப்படி பதினாறைத் தொடங்கி, தடுமாறி, அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அம்மாவின் கை என் கையை இறுக்கியது. மூடி வைத்திருந்த வாயை அவர் திறக்கவேண்டியதாயிற்று. பதினேழை மெதுவாகப் பாடினார், குரலில் ஒரு ஒட்டாமை இருந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா எத்தனை பெரிய மனிதர் என்று நினைத்தேன். ஒரு சொல் மாறினால்கூட முகம் சுளிக்கும் மனிதர், ஒரு முழுப் பாட்டையே விட்டுவிட்டாரே, ஊருக்காக, அம்மாவுக்காக. வீடு வரை அந்த நினைப்பிலேயே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காப்பி கலந்தார். அப்பாவுக்கு முன்னால் குவளையை வைத்தார். உட்காரவில்லை.

"ஏங்க பதினாறை விட்டீங்க?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஊரே தண்ணியில நிக்குது. இன்னும் பொழின்னு எப்படிம்மா பாடறது? உனக்கும் சங்கடம்தானே."

"எனக்குச் சங்கடம்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?"

அப்பா பேசவில்லை. அம்மாவும் உடனே பேசவில்லை. ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே நின்றார். பிறகு சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் நினைவு வைத்திருக்கிறேன். "நான் வாயை மூடறது எனக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு. மழை வேணும்னு கேக்கிறவன் எங்கயோ இருக்கான், வயலு வச்சிருக்கான். அவன் கேக்கட்டும். பாட்டு அவனுக்கும் சேர்த்துத்தானே. நான் கேக்கல, அவ்வளவுதான். நீங்க பாட்டையே வெட்டிட்டா, நான் எதுல வாயை மூடி நிக்கறது?"

அப்பா காப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "சரிம்மா" என்றார் கடைசியில். அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் பத்தொன்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறேன். முதலில் அம்மா மேல் கோபம்தான் வந்தது. அன்பாகச் செய்ததைப் போய்க் குற்றம் சொல்கிறாரே என்று. மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அப்பா நினைத்தது, மழைப் பாட்டைப் பாடாவிட்டால் மழையைக் கேட்காததாக ஆகிவிடும் என்று. அம்மாவுக்கு அது கேட்பதும் கேட்காததும் மட்டும் இல்லை. ஊர் கூடிக் கேட்கும்போது, அதே வரிசையில், அதே சாமி முன்னால், கை கூப்பியபடி கேட்காமல் நிற்பது ஒரு பேச்சு. சாமியிடம் அவர் பேசிய பேச்சுகளிலேயே ஆக நேர்மையான பேச்சு அதுதானோ என்று எனக்குத் தோன்றும். சாமியோடு சண்டை போட்டுக் கோயிலுக்கு வராமல் இருந்துவிடலாம். எல்லாரோடும் சேர்ந்து பாடிவிட்டு மனசுக்குள் வேறு நினைக்கலாம். அம்மா இரண்டையும் செய்யவில்லை. பத்தொன்பது பாட்டைப் பாடினார், ஒன்றில் பேசாமல் நின்றார். அப்பா அந்த ஒன்றை எடுத்தபோது, மற்ற பத்தொன்பதும் அம்மாவுக்கு ஆட்டம் கண்டுவிட்டன.

எங்கேயோ ஒருவன் வயல் வைத்திருக்கிறான் என்று சொன்னாரே, அம்மா வயலில் இறங்கியதே இல்லை. அம்மாவின் பாட்டிதான் கடைசியாக வயலில் நின்றவர், கப்பலேறுவதற்கு முன். இருந்தும் கூலி போகும் நாளில்கூட அந்த முகம் தெரியாதவனுக்கான வேண்டுதலை வெட்டக்கூடாது என்றார். தனக்கு எதிரான வேண்டுதல் என்று தெரிந்தே அதற்கு இடம் விட்டார். இதற்குமேல் அர்த்தத்தோடு ஒரு பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நல்ல மழை. அப்பா இருபதையும் பாடினார். பதினாறை எடுத்தபோது குரலைத் தாழ்த்தவில்லை, முழுத் தொண்டையில் பாடினார். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மேலே அவர் குரல் போனது. நான் அம்மாவைப் பார்த்தேன், வாய் மூடியிருந்தது. அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பி வரிசையைப் பார்த்தேன். அதுவரை நான் அம்மாவை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் மற்ற பெண்களைப் பார்த்தேன். நான்கு பேர் தள்ளி ஒருவர் வாய் மூடியிருந்தது. தூணோரம் நின்ற இரண்டு பேர். பின்வரிசையில் கீழ் லயத்துப் பாட்டி ஒருவர், இடுப்பில் தூங்கும் பேரனோடு. எல்லாரும் பால்வெட்டு. பாடிக்கொண்டிருந்தது ஆண்களும், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் பெண்களும், எங்களைப் போன்ற பிள்ளைகளும். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இதைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதாகவும் நான் கேட்டதில்லை. எத்தனை மார்கழியாக அப்படி நின்றார்களோ.

கிளிப்பிள்ளை எந்த இடத்திலும் நிறுத்தாது. அன்று அந்த மேசையில் நான் சொல்லியிருக்கவேண்டியது இதுதான்.

பத்தொன்பது ஆண்டு கழித்து

தோட்டம் இப்போது செம்பனை. எங்கள் லயம் இல்லை, மேட்டில் கோயில் மட்டும் இருக்கிறது, திருவிழாவுக்குத் திறப்பார்கள். நாங்கள் ஊருக்குள் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்து வெகுநாளாகிறது. அப்பா போய் நான்கு ஆண்டு. அம்மாவுக்கு அறுபத்து மூன்று, முழங்கால் வலி, காட்டில் நடந்த கால். நான் ஜொகூர் பாருவில் வேலை. கோவிட்டுக்குப் பிறகு பள்ளி ஆண்டு மார்ச்சுக்குத் தள்ளிப்போனதில் டிசம்பர் நீண்ட விடுமுறை காணாமல் போயிருந்தது. 2026-இல் பள்ளி மறுபடி ஜனவரியில் தொடங்கியதால், இந்த முறை மகளை அழைத்துக்கொண்டு லாபிஸில் போய் இருந்தேன். நிலவு பத்தொன்பது ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதிக்குத் திரும்புமாம். 2007-இல் திருவாதிரை ஜனவரி 3, 2026-இலும் ஜனவரி 3. திருவெம்பாவையும் அதேபோலக் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் தொடங்கியது.

ஊர்க் கோயிலில் பாட்டு ஐந்தரைக்கு. யாருக்கும் பிரட்டு இல்லை. ஒலிபெருக்கி, அச்சடித்த புத்தகம், சுவரில் திரை போட்டு வரிகள் ஓடுகின்றன, கீழே பொருளும் வருகிறது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். மகள் அவர் மடியில் சாய்ந்து, நான் சாய்ந்தது போலவே, பாதித் தூக்கத்தில் இருந்தாள். நான் பாடவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு. பதினைந்து. அம்மாவுக்கு இப்போது மழையால் ஒரு காசு நட்டமில்லை. உடம்புச் சூட்டுக்கு மழை வந்தால் நல்லது என்று சொல்பவர். இந்த முறை பாடுவார் என்று நினைத்தேன். பாடிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட ஓர் ஆசை.

பதினாறு தொடங்கியது. மகள் தலையைத் தூக்கிப் பாட்டியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாட்டு முடிந்து அடுத்ததற்கு அதிர்வு திரும்பியதும் என் பக்கம் சாய்ந்து, "அம்மா, பாட்டி ஏன் நடுவுல நிறுத்திட்டாங்க?" என்று கிசுகிசுத்தாள்.

"பாட்டிக்கு அந்த இடத்துல மூச்சு வாங்கும்டா" என்றேன். யோசிக்காமலே வந்தது, அப்பாவின் குரலில்.

பொங்கல் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது தூறல் பிடித்துவிட்டது. காரை மெதுவாக ஓட்டினேன். தாமானுக்குத் திரும்பும் வளைவுக்கு முன், சாலையோரம் யாரோ சிறுதோட்டக்காரரின் ரப்பர் மரங்கள் ஓர் இரண்டு ஏக்கர் இன்னும் நிற்கின்றன. அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது, பின்னால் இரண்டு வாளி கட்டியிருந்தது. மழைச்சட்டை போட்ட ஓர் ஆளும் ஒரு பெண்ணும் மரத்தடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கண்ணாடியைப் பாதி இறக்கிக் கையை வெளியே நீட்டினார், மழை எவ்வளவு என்று பார்ப்பதுபோல.

"பட்டை நனைஞ்சிருச்சு" என்றார். "இன்னிக்கு அவங்களுக்கு வெட்டு இல்ல."